செவப்புக் கொடிக்குப் பின்னால ஒரு மோட்டார்

மன்னிச்சிடுன்னு எனக்கு ரொம்பப் பேர் புத்தி சொல்லியிருக்காங்க. சர்ச்சுல போதகர் சொன்னாரு. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க சொன்னாங்க. என் வீட்டுக்காரரே சொன்னாரு. எல்லாருக்கும் சரி சரின்னு தலையாட்டினேன், உள்ள ஒரு வார்த்தை எறங்கல. என் புருஷன் காலை ஒடிச்சவன் செத்து மண்ணாப் போய்ட்டான். இருந்தும் நான் மன்னிக்கல. இதை எழுத உக்காந்ததே அதுக்காகத்தான்.

எங்க ஊரு ஆம்பூர்ப் பக்கம், பாலாத்தங்கரை. ரயில் ஸ்டேஷன்ல இருந்து ஆத்துக்குப் போற ஒரே தெரு, அதுல ரெண்டு பக்கமும் தோல் பதம் பண்ற மண்டி. அரக்கோணம் பக்கமிருந்து ரயில்ல பச்சைத் தோல் கட்டுக்கட்டா வரும். அதை மாட்டு வண்டியில ஏத்தி மண்டிக்குக் கொண்டாந்து எறக்கறதுதான் எங்க வீட்டுக்காரர் வேலை. சொந்த வண்டி, ஒரு ஜோடி மாடு. எங்க தெரு நாத்தத்தைப் பத்தி வெளியூர்க்காரங்க மூக்கைப் பிடிச்சிக்கிட்டு பேசுவாங்க. எங்களுக்கு அது சோத்து வாசனை. அந்த நாத்தத்துலயே பொறந்து வளந்ததால எங்களுக்கு மூக்கே கெடையாதுன்னு வெச்சிக்குங்க.

எங்க தெருவுக்கு மோட்டார் வாங்கிட்டு வந்த மொத ஆளு ஒரு மண்டி மொதலாளி. முனிசிபாலிட்டியில கவுன்சிலரும் அவன்தான். தெருவுக்கு இந்தக் கோடியில வீடு, அந்தக் கோடியில மண்டி. நடந்தா பத்து நிமிஷம்கூட ஆவாது. அந்தத் தூரத்துக்கு அவனே மோட்டாரை ஓட்டிக்கிட்டு, ஹார்னை அமுக்கிக்கிட்டு, கோழி குஞ்சு எல்லாம் செதற ஒரே பறப்பாப் பறப்பான்.

ஒருநாள் காலையில எங்க வீட்டுக்காரரு அவன் மண்டி வாசல்ல வண்டியை நிறுத்தி தோல் எறக்கிட்டிருந்தாரு. அவன் சரக்குத்தான். அவன் சொன்ன எடத்துலதான் வண்டி நின்னுச்சி. அப்ப வந்த மோட்டார் நிக்கல. இவரு காலை வண்டிச் சக்கரத்தோட வெச்சி நசுக்கிடுச்சி. அவன் மண்டிப் பட்டைக் கொட்டாயில, தோல் பதம் பண்ற ஆவாரம்பட்டையை இடிச்சிட்டிருந்த நான் ஓடி வந்து பாத்தா, ரத்தத்துல கெடக்கறாரு. அவன் மோட்டாரைச் சுத்திச் சுத்தி வந்து எங்கியாவது நெளிஞ்சிருக்கான்னு தடவிப் பாத்துக்கிட்டிருக்கான். பாவி!

அதோட விட்டானா? வண்டியைத் தெருவுல நிறுத்தினதே குத்தம்னு முனிசிபாலிட்டியில எழுதிக் குடுத்தான். மாட்டு வண்டிங்க வண்டிப் பேட்டையிலதான் நிக்கணும், தெருவுல நிக்கக் கூடாதுன்னு ஒரு பழைய ரூல் இருந்துச்சாம். அதை யாரும் பாத்ததும் இல்ல, யாரையும் பிடிச்சதும் இல்ல. சத்துவாச்சாரி வைத்தியர் ஒருத்தர்கிட்ட எலும்புக் கட்டு போட்டுக்கிட்டு, கால் ரெண்டு விரக்கடை குட்டையாகி, தடி ஊனிக்கிட்டு வந்த மனுஷன் கையில அபராதச் சீட்டைக் குடுத்தாங்க. அவரு அதை மடிச்சி இடுப்புல சொருகிக்கிட்டு, "போவட்டும் வுடு"ன்னாரு.

"இன்னாய்யா போவட்டும்? கால் போச்சி, வேலை போச்சி. இன்னும் இன்னா போவணும்?"ன்னு கத்தினேன். எனக்கு அவன் மேல இருந்த ஆத்திரத்துல பாதி இவரு மேல வந்துச்சி. வண்டியும் மாடும் வேற ஆள் கைக்குப் போச்சி. நான் மட்டும் தெனமும் அதே மண்டிக்காரன் கொட்டாயில பட்டை இடிக்கணும். வேற எங்க போறது? ஒலக்கையைத் தூக்கும்போதெல்லாம் உரல்ல அவன் தலை இருக்கறதா நெனச்சிக்குவேன். அந்த வருஷம் என் கையால இடிச்ச பட்டை மாதிரி நைஸா ஊர்ல எவளும் இடிக்கல.

எனக்கு அஞ்சாவது வரைக்கும் படிப்பு உண்டு. ஒருநாள் முனிசிபாலிட்டி ஆபீஸுக்குப் போயி, செவுத்துல ஒட்டியிருந்த ரூல்ஸ் அத்தனையும் நின்னு படிச்சேன். வண்டி எங்க நிக்கணும், எங்க நிக்கக் கூடாதுன்னு வரி வரியா எழுதியிருக்கு. எவ்ளோ வேகமா ஓடலாம்னு ஒரு வரி இல்ல. நிக்கறவனுக்குச் சட்டம் இருக்கு, ஓடறவனுக்கு இல்ல. அடப்பாவிங்களான்னு இருந்துச்சி. வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். எங்க தெருவுல மோட்டாருக்கு ஒரு வேகம் வெக்கணும்னு. பட்டைக் கொட்டாய்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் கைநாட்டு வெச்சாங்க. சேர்மன் கையில நானே கொண்டுபோய்க் குடுத்தேன்.

சேர்மன் பெரிய மனுஷன், சரிகைத் தலைப்பாகை இல்லாம வெளிய வரமாட்டாரு. கவுன்சில்ல மனுவை எடுத்தாரு. நம்ம மண்டிக்காரன் சும்மா இருப்பானா? "மோட்டாரால யாருக்கு இன்னா தொந்தரவு? தெருவுல நிக்கற மாடே மெரளாது. சோதிச்சிப் பாருங்க. எந்த வேகத்துக்கு மாடு மெரளலையோ அந்த வேகத்தையே ரூலா வெச்சிக்குங்க"ன்னான். எல்லாருக்கும் அது நியாயமாப் பட்டுச்சி. அப்புறம் சொன்னான் பாருங்க, "அந்த நொண்டி ஓட்டின மாட்டையே கொண்டாங்க, அவனே பிடிச்சிக்கட்டும். நாளைக்கி யாரும் குறை சொல்லக் கூடாது."

ஏன் அந்த மாட்டைக் கேட்டான்னு எனக்குத் தெரியாதா? சாதாரண மாடு பச்சைத் தோலு வாசனைக்கே நாலு காலையும் தூக்கும். தோல் வண்டி மாடு அப்படியில்ல. ரத்த வாசனையில, ரயில் சத்தத்துல பழகினது. அதுங்க காதுகிட்ட வேட்டு போட்டாலும் அசை போட்டுக்கிட்டு நிக்கும். அதுங்க முன்னால அவன் இருபது மைல் வேகத்துல போவான், மாடு அசையாது, இருபது மைல் ரூலாயிடும். இவரு காலை ஒடிச்ச வேகத்துக்கு முனிசிபாலிட்டி முத்திரை குத்தின மாதிரி ஆயிடும். அதுவும் இவரு கையாலயே கயித்தைப் பிடிச்சிக்கிட்டு.

"போவாதய்யா"ன்னேன். "கூப்ட்டாங்க, போறேன்"ன்னாரு. மானம் ரோஷம் இல்லாத மனுஷனைக் கட்டிக்கிட்டோமேன்னு அன்னிக்கி நான் சாப்பிடல.

மறுநாள் கொட்டாயில ஒரு சரக்கு வந்துச்சி. அணைக்கட்டுக்கு அந்தாண்ட மலையில ஒரு வெள்ளைக்காரர் சுட்ட சிறுத்தை. தோலைப் பதம் பண்ணித் தரச் சொல்லி அனுப்பியிருந்தாரு. அதைப் பாத்ததும் எனக்குப் பழைய கதை ஒண்ணு நெஞ்சுல அடிச்சிச்சி. முந்தி ஒரு தடவை இப்படித்தான் ஒரு சிறுத்தைத் தோல் ஸ்டேஷனுக்கு வந்துச்சி. வண்டியில ஏத்தினதும் எதுக்கும் மெரளாத இவரு மாடுங்க ஒரு அடி எடுத்து வெக்கலையாம். வாலைத் தூக்கிக்கிட்டு, கண்ணு பிதுங்கி, நொகத்தை ஒடைக்கப் பாத்துச்சாம். கடைசியில இவரே அந்தத் தோலைத் தலையில தூக்கிட்டு வந்து சேந்தாரு.

தோலோட உள்பக்கத்துக் கொழுப்பைக் கத்தியால வழிச்சி ஒரு சட்டியில போட்டிருந்தாங்க. குப்பையில கொட்டப் போற சரக்கு. நான் கொட்டறேன்னு வாங்கிட்டு வந்தேன். சோதனை அன்னிக்கி மத்தியானம், மோட்டார் மண்டி முற்றத்துப் புளிய மரத்தடியில நிக்குது, அவன் உள்ள சாப்ட்டுக்கிட்டிருக்கான். மோட்டாருக்கு முன்பக்கம், விளக்குக்குக் கீழ, சக்கரத்துக்கு உள்ளாண்ட, எஞ்சின் மூடிக்கு அடியில, கை போற எடமெல்லாம் வழிச்சி வழிச்சித் தடவினேன். கையை ஆத்து மணல் போட்டுத் தேச்சிக் கழுவிட்டு, தெருவுல கூட்டத்தோட கூட்டமா வந்து நின்னேன். இதை நான் யார்கிட்டயும் சொல்லல. இவருகிட்டயும்தான்.

சாயங்காலம் தெருவே திருவிழாவாட்டம் இருந்துச்சி. மண்டி வாசல்ல, கால் ஒடிஞ்ச அதே எடத்துல வண்டி. எங்க வீட்டுக்காரரு தடியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மாட்டு மூக்கணாங்கயித்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கறாரு. பக்கத்துலயே சேர்மன். மோட்டார் தெருக்கோடியில இருந்து பறந்து வந்துச்சி. எஞ்சின் சூட்டுல கொழுப்பு உருகி வாசனை முன்னால ஓடியிருக்கணும். பாதி தூரம் வர்றதுக்குள்ள மாடு ரெண்டும் அடிவயித்துல இருந்து கத்துச்சிங்க. வண்டியோட எகிறி, கயித்தைப் பிடுங்கிக்கிட்டு, கூட்டத்துக்குள்ள பூந்துச்சிங்க. சேர்மன் சாக்கடையில குதிச்சாரு. தலைப்பாகை மண்டியில இருந்து வர்ற சுண்ணாம்புத் தண்ணியில மெதந்து போச்சி.

மாட்டைப் பிடிச்சிக் கொண்டாந்தாங்க. பத்து மைல்ல வந்தான். மறுபடியும் எகிறுச்சி. அஞ்சு மைல்ல வந்தான். அதே கதை. "நடக்கற வேகத்துல வாய்யா!"ன்னு சேர்மன் கத்தினாரு, தலையில ஈரத்துண்டு. ஊர்ந்து வந்தான். மாடு ஒடம்பெல்லாம் ஒதறி மூக்கால சீறிச்சே தவிர, நாலு பேர் சேந்து பிடிச்சதால ஓடல. அப்புறம் எஞ்சினை அணைச்சி, மோட்டாரை வண்டிக்குப் பக்கத்துல சும்மா நிறுத்தினான். அப்பவும் மாடு முட்டிச்சி பாருங்க, வண்டி நொகம் பட்டுன்னு ஒடிஞ்சி போச்சி. அவன் மூஞ்சி செத்துப் போச்சி. எனக்கு வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சி.

அடுத்த கூட்டத்துல ரூல் போட்டாங்க. அச்சடிச்சி ஒட்டினதை நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். மோட்டார் வண்டிகள் இத்தெருவில் கால்நடையாகச் செல்லும் மனிதனின் வேகத்துக்கு மேற்படாமல் செல்ல வேண்டும். முன்னால் ஒருவன் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும். மோட்டார் எக்காரணத்தாலும் தெருவில் நிற்கக் கூடாது, ரயில்வே கேட்டுக்கு வெளியில்தான் நிறுத்த வேண்டும். நிக்கவும் கூடாது, ஓடவும் கூடாது! கொடி பிடிக்க யாரைப் போடலாம்னு பேச்சு வந்தப்போ, "மாடு ஓட்ட முடியாத அந்த மனுஷன் இருக்காரே"ன்னு சேர்மனே சொன்னாரு.

அன்னையில இருந்து தெனமும் ரெண்டு வேளை எங்க தெருவுல ஊர்வலம். முன்னால எங்க வீட்டுக்காரரு, ஒரு கையில தடி, ஒரு கையில கொடி. தடி ஒரு தட்டு, கால் ஒரு இழுப்பு. பின்னால வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு மண்டிக்காரன், மோட்டார் கொதிச்சிப் புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி விட. எறங்கி நடந்தா சீக்கிரம் போயிடலாம். நடந்தா ஊர் சிரிக்குமேன்னு வீம்பு. உக்காந்திருந்தாலும் சிரிச்சிச்சி. அவன் ஹார்ன் அடிச்சா இவரு திரும்பி, பணிவா, "ரூல்ஸ் மொதலாளி"ம்பாரு. நான் ஒலக்கையைச் சாத்தி வெச்சிட்டு கொட்டாய் வாசல்ல நின்னு கண்ணு குளிரப் பாப்பேன். ரூலை எடுக்கச் சொல்லி அவன் எத்தினியோ தடவை எழுதிப் போட்டான். சேர்மனுக்குத் தலைப்பாகை ஞாபகம் வந்துடும், மனு மூலைக்குப் போயிடும்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு உறுத்தல். இவரு எதையும் ரசிக்கல. நான் பல்லைக் காட்டிச் சிரிச்சா, "பாவம் வுடும்மே"ம்பாரு. இவருக்காகத்தானே இவ்ளோ பண்ணேன், இந்த மனுஷனுக்கு ஒரு சொரணை வரலையேன்னு மனசு ஆறல.

ரெண்டு மழைக்காலம் போயிருக்கும். ஒரு ஞாயித்துக்கெழமை வாசல்ல அரிசி பொடைச்சிட்டிருந்தேன். துணிக்கொடியில காஞ்ச என் சேலையை எங்க ஆடு புடிச்சி மெல்ல ஆரம்பிச்சிச்சி. பொழக்கடையில இருந்த இவரு "ஏய்!"னு கத்திக்கிட்டு வந்தாரு. தடி இல்ல. கால் கொஞ்சம் சாய்ஞ்சிச்சே தவிர, என்னா வெரசு! ஆட்டை எட்டிப் பிடிச்சி, சேலையைப் பிடுங்கி, ஒதறிக் கொடியில போட்டுட்டு திரும்பினாரு. நான் மொறத்தை வெச்சிக்கிட்டு வாயைப் பொளந்து நிக்கறேன்.

"ஏன்யா, இவ்ளோ நல்லா நடக்கறியே. தெருவுல மட்டும் ஏன்யா அப்படி ஆமையாட்டம் இழுத்து இழுத்துப் போற?"

அவரு ஆட்டைக் கட்டிக்கிட்டே, என்னைப் பாக்காம சொன்னாரு. "நீ மட்டும் சிறுத்தைக் கொழுப்பு தடவலாம், நான் கொஞ்சம் நொண்டக் கூடாதா?"

மொறத்துல இருந்த அரிசி பாதி கீழ கொட்டிடுச்சி. சிறுத்தைத் தோலைத் தலையில சொமந்தவருக்கு அந்த வாசனை தெரியாம இருக்குமா? அன்னிக்கி மோட்டார் தெருக்கோடி திரும்பினப்பவே இவரு மூக்குக்கு வந்துடுச்சாம். "ஹோன்னு ஒரு சத்தம் குடுத்து நெத்தியைத் தடவியிருந்தா நின்னிருக்கும் அதுங்க. எம் மாடாச்சே. நான் வாயைத் தொறக்கல. கயித்தை வுட்டுட்டேன்"ன்னாரு. சொல்லிட்டு, கால் கழுவப் போய்ட்டாரு.

அவரு தெருவுல பிடிச்சிக்கிட்டு நடக்கற செவப்புக் கொடி வெயில்ல வெளுத்துப் பழுப்பாகிப் போயிருந்துச்சி. மறுநாள் விடிஞ்சதும் கடைத்தெருவுக்குப் போயி நல்ல ரத்தச் செவப்புல ஒரு முழம் துணி வாங்கியாந்து, ஓரம் மடிச்சித் தச்சி, நானே அவரு கையில குடுத்தேன்.