மாலாவின் போனுக்குக் கிடைக்காத சார்ஜர்

பேட்டரி தீரப்போகும்போது அந்தக் காலத்து போன் 'பீப்... பீப்...' என்று கத்தும். என் தங்கச்சி மாலாவுக்கு மட்டும் அது கேட்காது. பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. வெளியே போனால் எஸ்.எம்.எஸ்.தான் அவளுடைய பேச்சு.

அப்போது நாங்கள் டத்தோ கிராமாட் பகுதியில் இருந்தோம். மாலாவுக்குப் பத்தொன்பது வயது. ஓர் அச்சகத்தில் டிசைன் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. தனியாகத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "பஸ் ஏறுனா மெசேஜ், எறங்குனா மெசேஜ். வரலன்னா இனிமே தனியா எங்கயும் போவக்கூடாதுன்னு சொல்லு லா."

நான் கைஜாடையில் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

ஏறியதும் மெசேஜ் வந்தது. இறங்கியதும் வரவில்லை...

பதினொரு மணிக்கு அம்மா என் ஆபீசுக்கு போன் செய்து அழுதார். "புள்ளய காணோம்டி. நீ உடனே போய்ப் பாரு."

அரைநாள் லீவு சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் கொம்தார் பஸ் நிலையத்துக்குப் பறந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் அவள் இல்லை. பக்கத்தில் வரிசையாக போன் கடைகள். ஆறாவது கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அவளுடைய போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது.

கடைக்கார அக்கா ஒரு தாளை என்னிடம் நீட்டினார். ஊசி மாதிரி மெல்லிய ஒரு சார்ஜர் பின்னை அதில் மாலா அப்படியே வரைந்திருந்தாள்.

"அஞ்சு கடை ஏறி எறங்கிருக்கா. எல்லாக் கடையிலயும் சார்ஜர் இருக்கு, இந்தப் பின்னு மட்டும் இல்ல. படத்தக் காட்டுனதும் பழைய டப்பாவக் கொட்டித் தேடிக் குடுத்தேன். இன்டர்வியூ அட்ரஸும் போன்லதான் இருக்குன்னு எழுதிக் காட்டுனா."

எனக்கு உயிர் வந்தது. அவளுக்கோ என்னைப் பார்த்ததும் கோபம் வந்தது. கைகள் படபடவென்று பேசின.

"ஏன் வந்த? நான் தொலஞ்சு போவல. சார்ஜர்தான் கெடைக்கல."

"அம்மா அழுவுறாங்க. ஏறு, இன்டர்வியூவுக்கு நானே கொண்டுபோய் விடுறேன்," என்று கை காட்டினேன்.

மாட்டேன் என்றாள். போன் உயிர் பெற்றதும் முதலில் அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பினாள். பிறகு முகவரியைப் படித்தாள், ஃபைலை எடுத்தாள், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நடந்தாள். மோட்டாரைப் பிடித்தபடி நின்றேன். ஒருமுறைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது.

இப்போது எல்லா போனுக்கும் ஒரே மாதிரி சார்ஜிங் போர்ட்தான் இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் சட்டமே போட்டுவிட்டார்கள். இங்கே கடைக்கு வரும் புது போன்களும் அப்படித்தான் வருகின்றன. போன வாரம் அந்தச் செய்தியை எங்கள் குடும்ப குரூப்பில் போட்டேன்.

வேலை விஷயமாக ஜொகூர் போயிருந்த மாலா அங்கிருந்தே பதில் போட்டாள். "நல்ல சட்டம். ஆனா ரொம்ப லேட். ஒரு பின்னு கெடைக்காம எத்தன பொண்ணுங்கள வீட்டுலயே உக்கார வச்சிருப்பாங்க?"

அம்மா அதைப் படித்துவிட்டார் என்று தெரிந்தது.

பிறகு அனுப்பினார். "நானுந்தான் உக்கார வைக்கப் பாத்தேன். நீ உக்காரல."