கடுக்காய்க் கறுப்பு

இருபத்தாறு வயதிலேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது. அதைச் சொல்லி இரண்டு வீடுகளில் பெண் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், கடுக்காய்த் தண்ணீரில் ஊறும் ஆட்டுத் தோல்களைப் புரட்டிப் போடுவது என் வேலை.

மூன்றாவதாக நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அந்தப் பெண்ணைப் பழனிச் சந்தையில் முன்பே பார்த்திருந்தேன். கட்டினால் அவளைத்தான் என்று முடிவும் செய்திருந்தேன். இது யாருக்கும் தெரியாது, அவளுக்கும்தான்.

அக்கா என்னை வைத்தியரிடம் இழுத்துப் போனாள். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் இடித்த பொடியை அவர் கொடுத்தார்.

"நம்ம ஊருப் பூட்டு கணக்கா உடம்புக்குள்ளயும் துரு ஏறும் அப்பு. இது அதைத் தடுக்கும். தேன்ல குழைச்சு ஒரு மண்டலம் சாப்பிடு, மூப்பு அண்டாது."

மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். பெண் பார்க்கப் போவதோ வருகிற வெள்ளிக்கிழமை.

"உள்ள போயி வேலை செய்ய எங்க நேரமிருக்கு? மேலயே பூசிருவோம்" என்றாள் அக்கா.

பொடியை இரும்புச் சட்டியில் ஊறவைத்தாள். துருவைத் தடுக்கிற மருந்து இரும்பைத் தொட்டதும் மையாய்க் கறுத்தது. அதை எடுத்து அப்பினாள். முடி கறுத்தது; கூடவே நெற்றியும் இரண்டு காதுகளும். சீயக்காய் தேய்த்தும் போகவில்லை.

"ஏலே, ஆட்டுத் தோலுக்குப் போடுறத மண்டைக்குப் போட்டுட்டியா? இனி உன் தலை அம்பது வருசத்துக்கு உழைக்கும்லே" என்றார் ஷாப் மேஸ்திரி.

பெண் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பெண்ணின் அப்பா என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, வயசு எத்தனைங்க?"

"இருபத்தாறுங்க."

"மை பூசறவங்க நாப்பதுக்கு மேலதானுங்க. ரெண்டாந்தாரமுங்களா?"

அக்கா சாதகத்தை நீட்டினாள். அவர் கை நீட்டவில்லை. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போகிறாள் என்று நினைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இளநரைங்க. பயந்துபோயிப் பூசிட்டேன்."

"நரைக்கு ஆருங்க பயந்தது? வயசுக்குத்தானுங்க பயப்படறோம்" என்றவர் சற்று யோசித்தார். "பழனியில மொட்டை போட்டுட்டுப் போங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க. கலந்து முளைச்சா இளநரை, முழுசா வெளுத்து முளைச்சா வயசு. பாத்துட்டுப் பேசலாமுங்க."

அன்றே மொட்டை போட்டேன். வைத்தியர் பொடியில் மீதம் இருந்ததைத் தொடவே இல்லை. அது வேலை செய்து தொலைத்தால்? கறுப்பாய் முளைத்தால் நான் பொய்யன், வெள்ளையாய் முளைத்தால் கிழவன். அக்கா சோற்றுக்கு வெஞ்சனமாய் நெல்லிக்காய் வைத்தால்கூட ஒதுக்கிவிட்டேன். நரைக்காக முருகனை வேண்டிக்கொண்ட பக்தன் என்னைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மாதம் முடிந்து போனேன். அவர் என்னை வெளிச்சத்துக்கு நகர்த்தி, கம்பங்கதிரைத் தடவுவதுபோல என் தலையைத் தடவிப் பார்த்தார்.

"இளநரைதானுங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

"நானும் பாக்கோணும்" என்றது அவள் குரல்.

பெண் பார்க்கும் இடத்தில் தலை குனிய வேண்டியவள் அவள். குனிந்தது நான். அவள் கிட்டே வந்து என் உச்சியைப் பார்த்தாள்.

"சரிங்கப்பா" என்றாள்.