கடுகுத் தலையணையும் என் மகளின் தலையும்

"...நீளத் தலைக்கெல்லாம் டாக்டரா? கடுகுத் தலையணையில படுக்க வை, நிலா மாதிரி உருண்டுடும்!" என்றார் எதிர் ஃப்ளாட் பௌதி. அண்ணியை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். வாய் ஓயாத மனுஷி, பேச்சே விருந்து.

கணவருக்கு மாற்றலாகி, டாக்குரியா என்ற வங்காளி வட்டாரத்துக்குக் கைக்குழந்தையோடு வந்த எங்களுக்கு இந்த ஊர் வழக்கம் புதிது. பௌதியே தலையணை தைத்துக் கொடுத்தார். நானும் அதை நம்பி இருந்துவிட்டேன்.

தடுப்பூசிக்குப் போனபோது, டாக்டர் மகளின் உச்சியில் விரலை ஓட்டினார். முகம் மாறியது. "தொட்டுப் பாருங்கம்மா."

தொட்டேன். நடு மண்டையில் வரப்பு மாதிரி ஒரு மேடு. தினம் எண்ணெய் தேய்த்த கைக்கு அது தெரியவில்லையே!

"மண்டை எலும்புகளுக்கு நடுவில இருக்கற இடைவெளி இப்பவே மூடிக்கிச்சு. மூளை வளர இடம் வேணும். ஆபரேஷன்தான். இது தலையணையால வரல, தலையணையால சரியாகவும் ஆகாது."



ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எந்தக் குழந்தையைக் கையில் வாங்கினாலும் என் விரல் முதலில் உச்சியைத்தான் தடவுகிறது. சந்தேகமென்றால் அன்றே டாக்டரிடம் அனுப்புகிறேன்.

மகள் வீடு திரும்பிய அன்று பௌதி கத்தரிக்கோலோடு வந்தார். தலையணையைப் பிரித்துக் கடுகைப் புறாக்களுக்குக் கொட்டினார். பிறகு, கீழ்வீட்டுக் கர்ப்பிணிக்காகத் தைத்து வைத்திருந்ததையும் எடுத்துவந்து பிரித்தார்.