பந்தல் இல்லாத திராட்சை

போன மாதம் ஒரு துறவியிடம் திட்டு வாங்கினேன். உள்ளூர்த் துறவி இல்லை — கிரேக்கத் துறவி.

மத்தியதரைக் கடலில் ஒரு குட்டித் தீவு. நான் பல வருடங்களாகப் பார்க்க ஆசைப்பட்ட இடம். கூடவே என் அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனேன். கூடலூரில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவர். மதினி இறந்து ஒரு வருடமாகிறது... அன்றிலிருந்து அவர் தோட்டத்துக்குள் காலே வைக்கவில்லை. ஆள் வைத்துத்தான் பார்த்துக்கொள்கிறார். இருவரும் சேர்ந்து பாடுபட்ட மண் இல்லையா? இடம் மாறினால் மனசு கொஞ்சம் தேறாதா என்று எனக்கு ஒரு நப்பாசை.

எங்கே தேற? மூன்று நாள் பீச்சில் உட்கார்ந்து கடலையே பார்த்தார். “நல்லா இருக்காண்ணே?” என்று கேட்டால், “ம்... தண்ணி நெறையக் கெடக்கு” என்பார். அவ்வளவுதான்.

நாலாம் நாள் மலைமேல் இருக்கும் பழைய மடாலயத்துக்குப் போனோம். நான் சுவரோவியங்களை போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினால், அண்ணனைக் காணோம். பின்பக்கத் தோட்டத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அங்கே பந்தலே இல்லை. திராட்சைக் கொடிகள் தரையோடு தரையாகச் சுருண்டு கிடந்தன. அண்ணன் தன் துண்டைக் கிழித்து, கொடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குச்சியில் கட்டிக்கொண்டிருந்தார்.

“பாருத்தா, பச்சப்புள்ளயத் தரையில போட்ட மாதிரிப் போட்டு வச்சிருக்காக. கேக்க நாதியில்ல.”

நாதி ஓடி வந்தது, வெள்ளைத் தாடியோடு. கட்டியவரை விட்டுவிட்டு எனக்குத்தான் திட்டு. அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார். அங்கே கடல் காற்று பேய்க்காற்றாம். தூக்கிக் கட்டினால் கொடி முறிந்துவிடுமாம். அதனால் கூடை மாதிரி வட்டமாகச் சுருட்டி வளர்க்கிறார்கள், நடுவில் பழம் பத்திரமாக இருக்கும். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அண்ணன் வாய் பிளந்து கேட்டார். கட்டியதையெல்லாம் அவரே அவிழ்த்துவிட்டார்.

இறங்கி வரும்போது திடீரென்று நின்றார்.

“பந்தலில்லாமத் திராச்சை... இத அவகிட்டச் சொல்லணும்த்தா.”

சொல்லிவிட்டு அழுதார். நானும்தான்.

ஊர் சுற்றுவதில் பாதி சுகம், வீடு திரும்பிச் சொல்வதில் இருக்கிறது. கேட்கிற ஆள் போய்விட்டால் எத்தனை தீவு பார்த்து என்ன?

ஊர் வந்த மறுநாள் காலையில் அண்ணனுக்கு போன் போட்டேன். தோட்டத்தில் இருக்கிறேன் என்றார்.

“அங்கன என்னண்ணே பண்றீக?”

“ஒன் மதினிகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

“கேட்டாகளா?”

“நம்ப மாட்டேங்குறா.”