நாற்பத்திரண்டு கிலோவுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்

கட்டாருக்கு வேலைக்குப் போகுமுன் அண்ணன் தன் மோட்டார் சைக்கிளை என் பெயருக்கு மாற்றித் தந்தார். தரும்போதே, இதை விற்று ஸ்கூட்டி ஒன்று எடுத்துக்கொள் என்றும் சொன்னார். வண்டியை வாங்கிக்கொண்டேன். புத்திமதியை வாங்கவில்லை.

எனக்கு ஸ்கூட்டி சரிவராது. நான் கால்நடை வைத்திய அலுவலகமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தர். காலையில் அன்புவழிபுரத்திலிருந்து புறப்பட்டு, உப்புவெளியைத் தாண்டி, கடற்கரை வீதியால் குச்சவெளிப் பக்கம் போக வேண்டும். அதுவரை தார் வீதி. அதற்குப் பிறகு மாடுகளும் ஆடுகளும் நிற்கும் இடங்களுக்குக் கிரவல் கல்லும் மணலும்தான், மாரி மழையில் சேறு. ஸ்கூட்டியின் சின்னச் சில்லு அந்த மணலில் புதைந்துவிடும். எனக்குத் தேவையான பெரிய சில்லு எங்கள் வீட்டு முற்றத்திலேயே நின்றது. அதை ஏன் விற்க வேண்டும்?

ஆனால் அது அண்ணனின் உடம்புக்குப் பழகிய வண்டி. அவர் நல்ல பருமன். மீன் வியாபாரம் செய்த காலத்தில் பின்னால் ஐஸ் நிரப்பிய மீன் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு ஓடியவர். நானோ நாற்பத்திரண்டு கிலோ. நான் ஏறி உட்கார்ந்தால் சீற் அசையவே அசையாது. கால் நுனி மட்டும் நிலத்தைத் தொடும். சின்னக் கல்லில் ஏறினாலும் பின்சில்லு துள்ளி என்னைத் தூக்கிப் போடும். மாலையில் வீட்டுக்கு வந்தால் இடுப்பு, நாரியெல்லாம் நிமிராது.

ஒருநாள் கிரவல் பாதையில் மதகொன்றின் விளிம்பில் ஏறியபோது பின்சில்லு எகிறி, இறங்கும்போது பக்கவாட்டில் இழுத்தது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். முழங்கை உரிந்தது. அதைவிடப் பெரிய நட்டம், பின்னால் கட்டியிருந்த ஐஸ் பெட்டிக்குள் இருந்த தடுப்பூசிப் போத்தல்கள் எல்லாம் நொறுங்கிப் போனதுதான். ஆடுகளைக் கட்டிவைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்த ஆட்டுக்கார அம்மா ஒருவரிடம் வெறுங்கையோடு போய் நின்றேன். அவர் என் முழங்கையைக் கழுவி மஞ்சள் பூசிவிட்டார். "உங்களுக்கு ஏன் பிள்ளை இந்தப் பாரத்தோட மல்லுக்கட்டு?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அதன்பிறகு ஆளுக்கொரு யோசனை. அலுவலகத்தில் டொக்டர், இனி பஸ்ஸில் வந்து, பாதையோரத்தில் உள்ள வீடுகளை மட்டும் பார்த்தால் போதும் என்றார். வீட்டில் என் அம்மா, பொம்பிளைப் பிள்ளைக்கு இது தேவையில்லாத வேலை என்றார். அண்ணன் வட்ஸ்அப்பில் பழைய பாட்டையே பாடினார். தேத்தண்ணிக் கடைக்காரர் நன்றாகச் சாப்பிட்டு உடம்பு வைக்கச் சொன்னார். வண்டியில் ஏதாவது மாற்றலாமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மாற வேண்டியது நான்தான் என்பதில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கன்றுக்குட்டிக்கும் எருமைக்கும் ஒரே அளவு பூச்சி மருந்தை யாராவது கொடுப்பார்களா? எடையைப் பார்த்து மருந்தின் அளவைத்தான் மாற்றுவோம். மருந்துக்கேற்றபடி வளர்ந்துவிட்டு வா என்று கன்றைத் திருப்பி அனுப்புவதில்லை.

வண்டியைக் குந்தியிருந்து பார்த்தேன். பின்னால் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் சுற்றிய, குலுக்கத்தைத் தாங்கும் சொக் அப்சோபர்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கின் அடியிலும் படிபடியாக வெட்டிய ஒரு வளையம். இரண்டு வளையமும் கடைசிப் படியில் ஏறி நின்றன. வளையம் ஏற ஏற ஸ்பிரிங் நசிந்து இறுகும் என்பதைப் போனில் ஒரு வீடியோ பார்த்து விளங்கிக்கொண்டேன். அண்ணனும் மீன் பெட்டிகளும் ஏறினால் அமர்வதற்காக இறுக்கிய ஸ்பிரிங் எனக்கு எப்படி அமரும்?

ரவுனில், கடைத்தெருப் பக்கம், அண்ணன் வழக்கமாகப் போகும் கராஜுக்குக் கொண்டுபோனேன். வளையத்தை இறக்கித் தரும்படி மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் வண்டியை வாங்கி வீதியில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தார். அவரும் அண்ணனைப் போலப் பெரிய உடம்புக்காரர்.

"வண்டியில ஒரு பிழையும் இல்லை, தங்கச்சி. உங்களுக்குத்தான் பாரம் காணாது. பின்னால ஒரு மண் மூடையைக் கட்டிக்கொண்டு ஓடுங்கோ."

நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பவும் கேட்டேன். துருப்பிடித்த வளையத்தில் கை வைத்தால் உடைந்துவிடும், பிறகு நீங்கள் என்னோடு சண்டைக்கு வருவீர்கள் என்று சொல்லி அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

வரும் வழியில் இரும்புக் கடையில் ஏறி, அந்த வளையத்தைத் திருப்பும், நுனி கொக்கிபோல் வளைந்த ஸ்பானர்ச் சாவி ஒன்று வாங்கினேன்.

என்னோடு வேலை செய்யும் கிண்ணியாக்காரத் தோழி சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். காலையில் அவள் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் ரவுனுக்கு வருவாள்; அங்கிருந்து பல நாட்களில் என் பின்னால்தான் அலுவலகத்துக்கு வருவாள். அந்தத் துள்ளலை அவளும் அனுபவித்தவள். உப்புக் காற்றில் வளையங்கள் அப்படியே இறுகிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் துருவைத் தேய்த்தோம். வலது பக்கம் சாவியை மாட்டி இழுத்ததும் திரும்பியது. இடது பக்கம் அசையவில்லை. சாவியின் பிடியில் இரும்புக் குழாயொன்றைச் செருகி, இருவருமாகத் தொங்கினோம். டக்கென்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வளையம் ஒரு படி இறங்கியிருந்தது. குசினி வாசலில் நின்ற அம்மா உள்ளே போய்விட்டார்.

இரண்டையும் அடிப்படிக்கு இறக்கினோம். மாட்டின் நெஞ்சளவை எடுக்கும் நாடா என் பையில் இருந்தது. நான் ஏறுமுன் ஒரு தடவையும் ஏறி இருந்தபின் ஒரு தடவையும் அவள் சில்லின் அச்சிலிருந்து சீற்றின் விளிம்பு வரை அளந்தாள். வண்டி முதன்முறையாக எனக்காக அமர்ந்திருந்தது. பாதத்தின் முன்பாதி முழுவதும் நிலத்தில் ஊன்றியது.

"இப்பதான் இது உங்கட வண்டி" என்றாள் அவள்.

திங்கட்கிழமை அவளையும் ஏற்றிக்கொண்டு போனபோது உப்புவெளியில் ஒரு பள்ளத்தில் பின்பக்கம் 'டொம்' என்று அடித்தது. இருவரின் பாரத்துக்கு அடிப்படி காணாது. அங்கேயே ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து ஒரு படி ஏற்றினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும். அலுவலகத்தில் அவளை இறக்கிவிட்டுக் கிரவலுக்குத் திரும்புமுன் மறுபடியும் இறக்கிக்கொண்டேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தலைக்கவசத்தைக் கழற்றி மாட்டுவது போல.

டயர்க் காற்றும் அண்ணனின் பாரத்துக்கு அடித்ததுதான். அதையும் குறைத்தேன். அடுத்த தடவை அந்த மதகில் ஏறியபோது பின்சில்லு மேலே ஏறி, இறங்கி, நிலத்திலேயே ஓடியது. பெட்டிக்குள் போத்தல்கள் முழுசாக இருந்தன. அந்த ஆட்டுக்கார அம்மாவின் ஆடுகளுக்கெல்லாம் ஊசி போட்டேன். பஸ்ஸில் வரும்படி சொன்ன டொக்டரிடம், பாதையோரத்து மாடுகளுக்கு மட்டும்தான் நோய் வருமா என்று கேட்டேன்.  அவர் என் பிரிவை மாற்றவில்லை.

போன வருசம் அண்ணன் லீவில் வந்தார். வந்த மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனவர், சற்று நேரத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ன செய்து வச்சிருக்கிறாய்? வாழைத்தண்டில இருந்து ஓடுற மாதிரிக் கிடக்கு. பள்ளத்தில எல்லாம் அடிக்குது. நான் நிக்கிற மட்டும் பழையபடி ஏத்தி விடு."

"நீங்கள் பின்னால இருந்து வாறதெண்டால் ஏத்திவிடுறன் அண்ணா. நீங்கள் எடுத்துக்கொண்டு போறதெண்டால் ஏலாது. எனக்கு நாளைக்கு வேலை இருக்கு."

"அது என்ர வண்டியடி."

"நீங்கள்தானே என்ர பேருக்கு மாத்தித் தந்தனீங்கள்."

அவர் வண்டித் திறப்பைக் கதிரையில் போட்டுவிட்டு அறைக்குள் போனார். அன்றும் அடுத்த நாளும் என்னோடு கதைக்கவில்லை. அம்மா, விட்டுக் கொடுத்தால் என்ன என்று என்னைப் பார்த்தார். விட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் அப்படி ஒருமுறை ஏற்றினால் அவர் இறக்க விடமாட்டார்; அவர் போகும்வரைக்கும் நான் என் சொந்த வண்டியில் மறுபடியும் கால் நுனியில் நின்றிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பழைய கூட்டாளிகளைப் பார்க்க மீன் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. முச்சக்கரவண்டிக்குப் போன் எடுத்தார், யாரும் வரவில்லை. முற்றத்தில் கொஞ்ச நேரம் உலாவினார். பிறகு, "சரி, ஏத்து" என்றார்.

வளையங்களைக் கடைசிப் படிவரை ஏற்றினேன். நான் முன்னால் ஏற, அவர் பின்னால் ஏறினார். வண்டி அமர்ந்தது. போகும் வழியெல்லாம் பிறேக்கைப் பிடி, மெல்லப் போ என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் என் வேகத்தில்தான் போனேன். சந்தை வாசலில் அவருடைய கூட்டாளிகள் நின்றார்கள். தங்கச்சியின் பின்னால் இருந்து வந்த அண்ணனைப் பார்த்து ஒருவர் சிரித்தார்.

அண்ணன் இறங்கிச் சாரத்தைச் சரிசெய்தார். "வண்டி அவளின்ர" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாரை மீன் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.