கப்பல் நிற்கும் ஊர்

நான் இருந்த போர்க்கப்பலின் பெருமையை யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. ஃப்ரிகேட் என்பார்கள் அந்த ரகத்தை. யுத்த காலம், வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போகும். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் தலைகாட்டுகிறதா என்று பார்ப்பது என் வேலை. நான் அசந்தால் அத்தனை பேரும் தண்ணீரில். என்னை நம்பித்தான் கேப்டன் தூங்கப் போவார்.

அந்த நம்பிக்கைக்கு உசிலம்பட்டிப் பக்கம், என் சொந்த ஊரில், என்ன மரியாதை கிடைத்தது என்று சொல்கிறேன்.

கொதிகலன் பழுதாகிக் கப்பல் துறைமுகத்தில் நின்றபோது லீவு கொடுத்தார்கள். எந்தத் துறைமுகம் என்று வெளியே மூச்சு விடக் கூடாது என்பது உத்தரவு. குறித்த நாளில் திரும்பாதவன் ஓடிப்போனவன், பிடித்தால் ஜெயில்.

ஊரிலோ கைரேகைச் சட்டம். எங்கள் ஜாதியில் பிறந்த ஆண்பிள்ளை, திருடினாலும் திருடாவிட்டாலும், போலீஸில் ரேகை வைக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பிறந்த குழந்தையின் முகத்தைப் பார்க்க வந்தவன் நான், லீவு முழுவதும் ராத்திரிக்கு ராத்திரி ஸ்டேஷன் வராந்தாவில் கிடந்தேன்.

கிளம்பும் நாளில் சீட்டுக் கேட்டு ஏட்டு முன்னால் நின்றேன்.

"எந்த ஊருக்குப்பா?"

"கப்பலுக்குப் போறேன், ஏட்டையா."

"அது எந்த ஊர்ல நிக்கிது?"

"சொல்லக் கூடாதுங்கய்யா. உத்தரவு."

"ஊர்ப் பேரு இல்லாம எப்புடி எழுதுறது? அந்த ஊரு ஸ்டேஷன்ல நீ மொகத்தக் காட்டணும்ல?"

கடற்படை கொடுத்த லீவுத் தாளை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வெள்ளைக்காரன் உத்தரவுதான், யாரு இல்லைன்னது? எங்கிட்ட இருக்கதும் வெள்ளைக்காரன் சட்டந்தானப்பா."

படைக்கு ஆள் எடுத்தபோது இதே ஸ்டேஷன் வாசலில்தான் எங்களை லாரியில் ஏற்றினார்கள். அன்றைக்கு எவனும் சீட்டுக் கேட்கவில்லை. சாகப் போகிறவனுக்குச் சீட்டு வேண்டாம், பிழைத்து வந்தவனுக்குத்தான் வேண்டும் போலிருக்கிறது. இதை வாய்விட்டே சொன்னேன். ஏட்டு காதில் வாங்காதவர் மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்.

"மதுரை வரைக்கும் எழுதிருக்கேன். நாளைக்குத் திரும்பிரணும்."

"வரலைன்னா?"

"தலைமறைவுன்னு எழுதுவேன். வேற என்ன செய்யச் சொல்ற?"

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். அவர் மைப் பெட்டியை நகர்த்தி வைத்தார். எழுதத் தெரிந்த கையைப் பிடித்துப் பெருவிரலை அழுத்தினார்.

மதுரையில் ரயில் ஏறினேன். வண்டி நகர்ந்தால் போலீஸுக்கு நான் குற்றவாளி, நகராவிட்டால் கப்பலுக்கு. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அன்றே கடலுக்குள் போனோம். வெள்ளைக்கார ராஜாவின் சரக்குக்கு மறுபடியும் காவல் நின்றேன்.

அதே வாரம் என் மனைவியைக் கைக்குழந்தையோடு ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய், புருஷன் எந்த ஊரில் ஒளிந்திருக்கிறான் என்று கேட்டு வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். தெரியாது, தெரியாது என்றே அழுதிருக்கிறாள். பொய் சொல்கிறாள் என்று அடித்தார்கள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.