சகாயமேரிக்குக் கொடுக்காத ஞாயிறு

செய்தி எங்கள் பனியன் கம்பெனி வாட்ஸப் குழுவில் வந்தது. மேலே ஒரு காலர் அளவைப் பற்றிய சண்டை. கீழே லாரி எப்போது வரும் என்ற கேள்வி. நடுவில், "செக்கிங் சகாயமேரி அக்கா காலையில தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." அதன்பின் கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. நான் எதுவும் போடவில்லை. ஏன் என்பதை நம் இசை வட்டத்து நண்பர்களுக்கு எழுதுகிறேன்.

அவரை உங்களுக்குத் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இருபது வருடம் பனியன் துணியில் ஓட்டை தேடியவர். மாதத்தின் முதல் ஞாயிறன்று அச்சகத்து மாடியில் நாம் கூடும்போது வந்த ஒரே பெண். நான் அதே கம்பெனியில் ஏற்றுமதிக் கடிதங்கள் எழுதுகிறவன். இசையில் ஆய்வுப் பட்டம் வாங்கியும் எந்தக் கல்லூரியும் என்னை வேலைக்கு எடுக்கவில்லை. எடுக்காதவர்களின் பெயர்கள் எனக்கு இன்றும் மனப்பாடம். அதனால் வட்டத்தின் செயலாளர் பதவியைப் பேராசிரியர் நாற்காலி போலப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியில் நாள் முழுக்க ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடும். மெஷினுக்கு எண்ணெய் விடுவதைப் போலத்தான் இதுவும் என்று ஒருமுறை அவரிடம் இளக்காரமாகச் சொன்னேன். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "எண்ணெய யாரு சார் வாய்க்குள்ள முணுமுணுப்பா?"

நம் வட்டத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் முறைவைத்து ஒரு மணி நேரம் பாட்டுப் போட்டுப் பேசுவது வழக்கம். அவருடைய முறை வந்தபோதெல்லாம், மகளிர் தினத்தன்று தாலாட்டைப் பற்றிப் பேசுங்கள் என்றோம். "எம் பிள்ளையத் தூங்க வச்சதே சினிமாப் பாட்டுதான் சார். அதப் பத்திப் பேசுதேன். மகளிர் தினமெல்லாம் வேண்டாம், சாதாரண ஞாயிறு ஒண்ணு தாங்க" என்றார்.

சினிமாப் பாட்டு கலைதானா என்று வட்டமே முடிவு செய்யட்டும் என்று நான் ஒரு சோதனை வைத்தேன். ஆளுக்கொரு சினிமாப் பாட்டை என்னிடம் கொடுக்க வேண்டும். பெயர் சொல்லாமல் போடுவேன். கேட்டுவிட்டு யாருடைய பாட்டு என்று ஊகிக்க வேண்டும். படித்த காது எடுத்தது தனியாகத் தெரிந்தால், அதை மட்டும் கலை என்று ஏற்கலாம். பட்டியல் என்னிடம் மட்டும் இருக்கும்.

முதலில் வயலின்கள் உருகும் ஒரு காதல் பாட்டு. வட்டத் தலைவர் பாதியிலேயே கையை உயர்த்தினார். "இதுக்கெதுக்குங்க யோசனை? பொம்பளைங்க மூக்கைச் சிந்திக்கிட்டே கேக்கறதுங்க. நம்ம சகாயமேரி பாட்டுத்தான்."

"கூடவே ஒரு கைக்குட்டையும் குடுத்திருக்கலாமுங்க" என்றார் வங்கிக்காரர்.

அடுத்தது மேளம் அதிரும் குத்துப்பாட்டு. "அட, இது ஆம்பளைப் பாட்டுங்க! தாளத்தைப் பாருங்க. படிச்ச காதுதான் இதை எடுத்திருக்கோணும்" என்றார் தலைவர். எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள்.

பட்டியலில் காதல் பாட்டுக்கு நேரே என் பெயர் இருந்தது. குத்துப்பாட்டுக்கு நேரே சகாயமேரி. இரண்டையும் மாற்றி வாசித்தேன்.

சிரிப்பு அடங்க நேரமானது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா, நமக்கு அழுகதான வரும்" என்றார்.

அன்றைய தீர்மானமும் நான் எழுதியதே. சினிமாப் பாட்டுக்குத் தனி அமர்வு கிடையாது. விதிவிலக்காக, அந்தக் குத்துப்பாட்டின் தாளத்தைப் பற்றிச் செயலாளர் பேசலாம். சகாயமேரிக்குக் கிடைக்க வேண்டிய ஞாயிறன்று, அவர் எடுத்துவந்த பாட்டைப் பற்றி, நான் ஒரு மணி நேரம் பேசினேன். கைதட்டினீர்கள். கடைசி வரிசையிலிருந்து அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டாவது சரணத்துக்கு முந்தி மேளம் சட்டுனு நிக்குதே, ஏன் சார்?" லயம், மௌனம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் செக்கிங் மேசையில் பதிலை அவரே சொன்னார். "ஆடுதவ மூச்சு வாங்கத்தான் சார் நிக்கு. அந்த எடத்துலதான் லைன்ல தைக்கவளுவ எல்லாம் நிமிந்து கழுத்தச் சொடக்கெடுப்பாளுவ. பாத்ததில்லையா?"

நான் பார்த்ததில்லை. என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அந்தக் காதல் பாட்டு ஸ்பீக்கர்ல வந்தா ஃபைலத் தூக்கிட்டு இங்க வந்து நிப்பிய. முடிஞ்சதும் போயிருவிய. எத்தன வருசமா பாக்கேன்! ஒரு பாட்டால எனக்கு மானம் போவாது சார். உங்களுக்குப் போயிரும்லா."

அதற்குப் பிறகு அவர் மாடிக்கு வரவில்லை. அன்று சிரித்த உங்களை நான் வெறுத்தேன். எனக்கு வேலை தராதவர்களை வெறுத்துப் பழகியிருந்ததால் அது எளிதாக இருந்தது. இப்போது இரங்கல் கூட்டம் நடத்துகிறீர்கள். அழைப்பிதழில் அவரை "எளிய ரசிகை" என்று போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். காதல் பாட்டு என்னுடையது. இன்றும் கேட்கிறேன், கதவைச் சாத்திக்கொண்டு.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது மேளம் நிற்கும் அந்த ஓர் இடம் மட்டும்தான். முழுதாக ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் வேறு எந்தப் பாட்டுகளை எடுத்து வந்திருப்பார், அவற்றில் எந்த இடங்களைக் காட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.